டெல்டாவில் கரை வழியே சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி, பஸ் தொந்தரவு இல்லாமல் ஏரி, காடு, பறவைச் சரணாலயம் என்று சைக்கிளில் சுற்றிவர காவிரி டெல்டாவில் வழி உண்டா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கரைகளில் ஓட்டிக்கொண்டிருக்கும் நாங்கள் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்கள் இவை.

அப்படி ஒரு பாதை உண்மையிலேயே இருக்கிறதா?

சைக்கிளுக்கென்று யாரும் போட்டுக்கொடுத்த பாதை கிடையாது. பெயர்ப்பலகையோ அம்புக்குறியோ எங்கும் இருக்காது. ஆனால் ஆறும் வாய்க்காலும் ஓடுகிற இடத்தில் கரை இருக்கும். கரை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் நடக்கவும் ஜீப் போகவும் ஒரு தடம் இருக்கும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிற தண்ணீர், அதற்கப்புறம் குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு, வீரசோழன், திருமலைராஜன், கோரையாறு, பாமணியாறு என்று கிளைவிட்டுக் கடல் வரை போகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை. அவற்றில் ஒரு பங்கு தார் போட்டு பஸ் ஓடும் சாலையாகிவிட்டது. மீதி கப்பியும் கிராவலும் வெறும் வண்டலுமாகக் கிடக்கிறது. அந்த மீதியில்தான் நாம் ஓட்டப்போகிறோம்.

ஒரு வண்டியும் வராது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். டிராக்டர் வரும், உரமூட்டை ஏற்றிய டூவீலர் வரும், ஆடு மாடு வரும், அறுவடைச் சமயத்தில் அறுவடை மெஷின் கரையை அடைத்துக்கொண்டு வரும். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், நாம் பொழுதுபோக்க வந்தவர்கள். இறங்கி வழிவிட வேண்டியது நாம்தான்.

எந்த மாதத்தில் வரலாம்?

மேட்டூரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வழக்கப்படி ஜூன் 12இல் அணையைத் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். இருக்கும் தண்ணீரைப் பொறுத்து இது முன்பின் ஆகும்: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரையின் நிலைமை முழுக்க இந்தத் தேதிகளைச் சுற்றியே நடக்கிறது.

எங்களைக் கேட்டால் தை கடைசியிலிருந்து மாசி முடிய, அதாவது பிப்ரவரியும் மார்ச் பாதியும் முதல் தரம். மழைக்கால ஈரம் காய்ந்து கரை கெட்டிப்பட்டிருக்கும். காலையில் பனி இருக்கும், பத்து மணி வரை வெயில் தாங்கும். வலசை வந்த பறவைகளில் பல இன்னும் கிளம்பியிருக்காது. சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருக்கும். இந்தச் சமயத்தில் ஒரே தொல்லை கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் லாரிகள். அவை தார்ச்சாலையோடு நின்றுவிடும், கரைக்கு அவ்வளவாக வராது.

ஏப்ரல், மே இரண்டும் வேண்டாம். வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தூர்வாரும் வேலை. தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பொக்லைன் இறங்கி, வாய்க்காலில் வாரிய மண்ணை அப்படியே கரைமேல் குவித்துவிட்டுப் போகும். போன மாதம் வழுவழுவென்று இருந்த கரை இந்த மாதம் கட்டாந்தரையாகக் காய்ந்த மண்கட்டிக் குவியலாக இருக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஜூன் பாதிக்கு மேல் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். பார்க்க அழகு, ஆனால் ஒன்பது மணிக்கே வேர்த்துக் கொட்டும். இந்தப் பருவத்தில் ஒரு லாபம் உண்டு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அம்மியையே பறக்கவிடும் காற்று சைக்கிளையா விட்டுவைக்கும்? கல்லணையில் ஏறிக் கிழக்கே ஓட்டினால் அது முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். திரும்பி வருவதை மட்டும் ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு அன்று கரைப்பக்கமே போகாதீர்கள், படித்துறைகளில் ஊரே கூடியிருக்கும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

மழையில் கரை எப்படி இருக்கும்? கொஞ்சம் சேறு பரவாயில்லையே?

இது கொஞ்சம் சேறு இல்லை. டெல்டாவின் கீழ்ப்பகுதியில், முக்கியமாக மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் அந்தப்புறம், மண் ஒட்டுக்களி. ஒரு மழை பெய்தால் போதும். பத்தடி உருட்டுவதற்குள் டயரில் ஒரு அங்குலம் ஒட்டும். அடுத்த பத்தடியில் அது மட்காட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சக்கரம் சுற்றாது, சைக்கிள் சறுக்கிக்கொண்டு வரும். குச்சியால் நோண்டி எடுத்தால் மறுபடி பத்தடி. மட்காட்டைக் கழற்றிவிட்டு வந்தாலும் பிரேக்குக்குள் போய் அடைக்கும்.

திருச்சி, கல்லணைப் பக்கம் மணல் கலந்த மண் என்பதால் மழை விட்டு ஒரு நாளில் ஓட்ட முடியும். களிமண் கரைக்கு மூன்று நான்கு நாள் நல்ல வெயில் வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மழை என்று செய்தியில் கேட்டால் அந்த வாரம் மேற்குப் பக்கமாகப் போய்விடுங்கள்.

எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்?

கிராவல் பைக் என்று தனியாக விற்கிறார்கள். வளைந்த ஹேண்டில்பார், 38 முதல் 45 மி.மீ. அகல டயர், டிஸ்க் பிரேக். இருந்தால் நல்லது. அதற்காக ஒரு லட்ச ரூபாய் செலவழிக்க அவசியம் இல்லை. இங்கே மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பெரிய ஏற்றம் என்றால் பாலத்தில் ஏறுவதுதான். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இலவச சைக்கிளில் பிள்ளைகள் இதே கரைகளில் தினமும் டியூஷன் போய்வருகிறார்கள். சாதாரண எம்.டி.பி. (மவுண்டன் பைக்) தாராளமாகப் போதும். காற்றை மட்டும் கல்லு மாதிரி அடித்து வைக்காதீர்கள். 40 மி.மீ. டயருக்கு 35, 40 பி.எஸ்.ஐ. வைத்தால் கப்பியில் கை அதிராது. மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் வேண்டாம்.

பஞ்சர் ஆகுமா?

ஆகும். கரையெல்லாம் சீமைக்கருவேல் நிற்கிறது. யாராவது வெட்டிப் போட்ட முள் மிலாறு தடத்தின் குறுக்கே கிடக்கும். அந்த முள் டயரைத் துளைத்து நுனி உள்ளே முறிந்து நிற்கும். வெளியே தடவினால் தெரியாது. டியூபுக்கு ஒட்டுப்போட்டு மாட்டிக் காற்றடித்து அரை கிலோமீட்டர் போனதும் அதே இடத்தில் மறுபடி இறங்கும். அதனால் டியூபை எடுத்ததும் ஒரு துணியை டயரின் உள்பக்கம் ஒரு சுற்று தேய்த்து இழுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலால் தேட வேண்டாம். நெருஞ்சி வேறு இருக்கிறது, சைக்கிளைச் சாய்த்துப் போடும் முன் தரையைப் பாருங்கள்.

கைப்பம்ப், இரண்டு டியூப், பேட்ச், சொலூஷன் எல்லாம் கையில் இருக்கட்டும். ஊருக்கு ஊர் பஞ்சர் கடை உண்டு, ஆனால் பெரும்பாலும் டூவீலர் பஞ்சர்தான் பார்ப்பார்கள். உங்கள் டியூபில் பிரெஸ்டா என்கிற ஒல்லியான வால்வு என்றால் அங்கே காற்றடிக்க முடியாது. அடாப்டர் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை வருகிறேன். ஒரே காலையில் முடிகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து வடுவூர் ஏரி. சாலையில் போனால் 25 கி.மீ. சொச்சம். வெண்ணாற்றில் பிரிகிற வடவாறு தஞ்சாவூரின் கரந்தைப் பகுதியைத் தொட்டுக்கொண்டு வந்து கடைசியில் வடுவூர் ஏரியில் சேர்கிறது. ஊர் முடிகிற வரை கரையைத் தேடாதீர்கள், வீடும் குப்பையும்தான் இருக்கும். ஊர் தாண்டியதும் ஆற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு கரையும் கிராமச் சாலையுமாக மாறி மாறிப் போகலாம். மன்னார்குடிச் சாலையைக் கூடுமானவரை தவிர்க்கலாம், அங்கே பஸ் பறக்கும்.

வடுவூர் ஏரி 128 ஹெக்டேர். 1999இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் அடிப்படையில் அது பாசன ஏரி. மேட்டூர் தண்ணீரும் வடகிழக்கு மழையும் நிரப்பினால் நவம்பரிலிருந்து பறவை வரும், கோடையில் காய்ந்துவிடும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, ஊசிவால் வாத்து, மரத்து உச்சியில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா எல்லாவற்றையும் கரையில் நின்றே பார்க்கலாம். சைக்கிளைப் பார்வைக் கோபுரத்தடியில் விட்டுவிட்டு நடப்பதுதான் எங்கள் வழக்கம். ஃப்ரீவீல் சத்தத்துக்கே ஒரு கூட்டம் எழுந்து போய்விடும்.

புது ஆற்றங்கரை நன்றாக இருக்குமாமே?

கல்லணைக் கால்வாயைத்தான் எங்கள் பக்கம் புது ஆறு என்போம். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் வந்தது. கல்லணையிலிருந்து பூதலூர், தஞ்சாவூர் வழியாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் இறங்கி, ஏறக்குறைய 150 கி.மீ. ஓடுகிறது. மற்ற ஆறுகள் வளைந்து நெளிந்து போகும்போது இது வெட்டிய கால்வாய் என்பதால் நீட்டுக்குப் போகும். தொலைதூரம் ஒரே சீராக மிதிக்க இதைவிட நல்ல கரை டெல்டாவில் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பல இடங்களில் இப்போது இரண்டு சரிவுக்கும் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வேகமாக ஓடும். சரிவில் பிடிக்க ஒரு புல் கிடையாது, பாசி வேறு. நீச்சல் தெரிந்தவரும் உள்ளே விழுந்தால் ஏறுவது பெரும்பாடு. தண்ணீர் ஓடும் காலத்தில் கரையின் வெளிப்பக்கமாகவே ஓட்டுங்கள். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்டு போக வேண்டாம். கால் நனைக்க ஆசைப்பட்டால் படித்துறை இருக்கும் இடத்தில் இறங்குங்கள்.

காடு வேண்டும், நிழல் வேண்டும். எங்கே போவது?

கொள்ளிடக்கரை. இது வெள்ள வடிகால், பாசனத்துக்கான ஆறு இல்லை. மிச்சத் தண்ணீர்தான் இதில் திறந்துவிடுவார்கள். அதனால் வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும், ஆனால் கரை மட்டும் வெள்ளத்துக்குப் பயந்து உயரமாகப் போட்டது. மேலே ஏறினால் ஒருபக்கம் நாணலும் மணலும், மறுபக்கம் படுகையில் வாழையும் மூங்கிலும். கல்லணையிலிருந்து விளாங்குடி, நீலத்தநல்லூர் வழியாக அணைக்கரை வரை தென்கரையைப் பிடித்துப் போகலாம், இடையிடையே தார் வரும். விளாங்குடியில் பாலம் ஏறித் திருமானூர் போனால் அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்குத் திரும்பலாம். 454 ஹெக்டேர், வடுவூரைப் போல மூன்று மடங்குக்கு மேல். 2024இல் ராம்சர் தகுதி பெற்றது. வரித்தலை வாத்து பார்க்க வேண்டும் என்றால் ஜனவரியில் அங்கே போங்கள்.

நிழல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றங்கரைகளில் வனத்துறை வரிசையாகத் தேக்கு வைத்திருக்கிறது. ஐப்பசியில் பார்த்துவிட்டுப் போனவர்கள் கூடாரம் போட்ட மாதிரி இருக்கிறது என்பார்கள். மாசி, பங்குனியில் அதே மரம் இலையெல்லாம் கொட்டிக் கம்பாக நிற்கும். ஓட்டுவதற்கு நல்ல மாதத்தில் நிழல் இருக்காது, அதற்குத் தகுந்த மாதிரி சீக்கிரம் கிளம்புங்கள். உதிர்ந்த தேக்கிலை காய்ந்து கிடக்கும் தடத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வழுக்கும்.

அணைக்கரையிலும் அதற்குக் கீழேயும் கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது. கதை இல்லை, ஆட்களைக் கடித்திருக்கிறது. குட்டை மாதிரி தேங்கிய தண்ணீரில் கூட இறங்காதீர்கள்.

கோடியக்கரைக்குள் சைக்கிள் விடுவார்களா?

வேதாரண்யத்திலிருந்து கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை கிராமம் வரை பொதுச்சாலை போகிறது, சுமார் 10 கி.மீ. ஊர்மக்கள் போய்வரும் சாலை என்பதால் அதில் சைக்கிளில் போகத் தடை இல்லை. அதைவிட்டுச் சரணாலயத்துக்குள் பிரியும் மண்தடங்களுக்கு வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். கட்டணம் உண்டு, பகலில் மட்டும்தான். அவர்கள் வழிகாட்டியை அனுப்பினால் கூட்டிக்கொண்டு போங்கள். வெளிமான் எந்த வெளியில் மேய்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

1967இலிருந்து சரணாலயம் இது, தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமும் இதுதான் (2002). ஒரு பக்கம் பாலை மரங்கள் நிறைந்த வறண்ட பசுமைமாறாக் காடு, இன்னொரு பக்கம் புல்வெளி, அப்புறம் கடல். புல்வெளியில் வெளிமானோடு ஆளில்லாக் குதிரைகளும் மேயும். யாரோ விட்டுப்போனவற்றின் வாரிசுகள், காட்டுக் குதிரை ஆகிவிட்டன. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டில் நிறைய மரங்களைச் சாய்த்துவிட்டது. முன்பு வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

சைக்கிளுக்கு அருமையான இடம் வழியில் உள்ள உப்பளப் பக்கம்தான் என்பேன். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த வேதாரண்யம் இதுவே. பாத்தி வரப்பில் மட்டும் சைக்கிளை ஏற்றாதீர்கள், அது உடைந்தால் ஒருவருடைய உழைப்பு வீண். திரும்பிவந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு?

படகில் பார்க்க வேண்டிய இடம். ஜாம்பவானோடை வரை சைக்கிளில் போய், வனத்துறைப் படகு ஏற்பாடு செய்துகொள்ளலாம். போகிற வழியில் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயம் வரும். 45 ஹெக்டேர்தான், ஆனால் மரத்துக்கு மரம் கூடு. குஞ்சு வளர்க்கும் காலத்தில் இரைச்சலும் நாற்றமும் சாலைக்கே வரும்.

வீராணம் ஏரிக்கரை?

நீளமான ஏரி, அழகான ஏரி. கரைமேல் பஸ் ஓடும் தார்ச்சாலை. நீங்கள் கேட்கும் வகைக்குப் பொருந்தாது.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?

ஆறு, வாய்க்கால் கரைகள் நீர்வளத்துறையுடையவை. கரையில் நடப்பதற்கோ சைக்கிளில் போவதற்கோ யாரும் சீட்டுக் கேட்பதில்லை. தண்ணீர் பிரிகிற இடங்களில், எங்கள் பேச்சில் சட்ரஸ் என்போம், ஷட்டரும் பலகையும் பார்க்கிற லஸ்கர் இருப்பார். தென்பெரம்பூரில் வெண்ணாறும் வெட்டாறும் பிரிகிற இடம், நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு எல்லாம் நின்று பார்க்க வேண்டியவை. சுவரில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். அதைப் பார்த்துக் கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஏற்றி இறக்குவார்கள். எந்த ஆற்றுக்கு எத்தனை கன அடி, முறை எப்போது மாறும் என்று அவரிடம் கேளுங்கள், விவரமாகச் சொல்வார். அதே ஆளிடம் 'அண்ணே, இந்தக் கரை மேலே போகலாமா, எங்கேயாவது உடைப்பு இருக்கா?' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஷட்டர்மேல் ஏறிப் படம் எடுப்பது கூடாது. கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதும் கூடாது, இரவில் தண்ணீர் கூட்டித் திறந்தால் உங்களுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

விவசாயிகள் ஏதாவது சொல்வார்களா?

எங்கே போறீங்க, எதுக்குப் போறீங்க என்று கேட்பார்கள். ஏரியில் பறவை பார்க்க என்றால் சிரிப்பார்கள், அப்புறம் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு எரிச்சல் வருவது இரண்டே விஷயத்தில். வயல் வரப்பில் சைக்கிள் ஓட்டுவது, காயப்போட்ட நெல்மேல் ஏறுவது. உளுந்து கதை வேறு. செடியோடு பிடுங்கித் தார்ச்சாலையில் பரப்பி, வண்டி ஏறிக் காய் உடையட்டும் என்று அவர்களே விட்டிருப்பார்கள். கார் ஏறலாம், நீங்கள் ஏறாதீர்கள். அந்தக் கொடி கியரில் சுற்றி, செயினை மாற்றிக்கொடுக்கும் டீரெய்லரையே பிடுங்கிவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தண்ணீர், சாப்பாடு, நாய், பாம்பு?

கரையில் கடை இருக்காது, பாலத்தடியில் டீக்கடை இருக்கும். ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வேண்டும். நாய் துரத்தினால் இறங்கிச் சைக்கிளைக் குறுக்கே வைத்து நில்லுங்கள், பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசி. வயலில் எலி இருப்பதால் கரையில் பாம்பும் இருக்கும். இருட்டியபின் கரையில் ஓட்டாதீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

எங்களோடு ஓட்டும் பெண்கள் சொல்வது இது: காலை வேளையில் பயமில்லை, வயலில் ஆட்கள் இருக்கிறார்கள், அதிலும் பாதிப் பேர் பெண்கள். ஆளரவமற்ற நீண்ட கொள்ளிடக்கரைக்கு மட்டும் துணையோடு போவது நல்லது. பயத்தைவிடக் கழிப்பிடம்தான் பெரிய பிரச்சினை. ஒவ்வொரு முப்பது கி.மீ.க்கும் ஒரு பெட்ரோல் பங்கோ ரயில் நிலையமோ வருகிற மாதிரி வழியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மேப்பை நம்பலாமா?

வழி காட்டும் கோட்டை நம்பாதீர்கள், சாட்டிலைட் படத்தைப் பாருங்கள். ஆற்றின் இரண்டு பக்கமும் வெளுத்த கோடாகக் கரை தெரியும். எந்தப் பக்கம் கோடு அகலமோ அந்தக் கரையைப் பிடியுங்கள். கிளை வாய்க்கால் பிரிகிற ஒவ்வொரு தலைப்பிலும் கரை அறுந்து போகும். சில இடத்தில் மதகுமேல் தாண்டலாம், சில இடத்தில் சுற்ற வேண்டும். மறுகரைக்கு மாறப் பாலத்தையும் சட்ரஸையும் விட்டால் வேறு வழி இல்லை, அவற்றைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மூங்கில் பாலம் வந்தால் இறங்கி, ஆள் தனியாகச் சைக்கிள் தனியாகக் கடக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து சைக்கிளைக் கொண்டுவருவது எப்படி?

ரயில்தான் வசதி. திருச்சி அல்லது தஞ்சாவூரில் இறங்கலாம். லக்கேஜாகப் போடுவதானால் கிளம்பும் நிலையத்தின் பார்சல் ஆபீசுக்கு முன்கூட்டியே போய் எழுதிக்கொள்ளுங்கள், சின்ன நிலையங்களில் வண்டி நிற்கும் நேரத்துக்குள் இறக்குவது கஷ்டம். பெடலைக் கழற்றி ஹேண்டில்பாரை நேராகத் திருப்பி, செயின் பக்கம் அட்டை கட்டிவிடுங்கள். இங்கே வந்து வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள் கடைகள் எல்லாம் எப்போதோ மூடியாகிவிட்டது.